லாரி டயருக்குள் மணி போட்டால் ஆயுள் கூடுமா?

கேள்வி இதுதான். சங்ககிரியில் மூன்று லாரி வைத்திருக்கிறீர்கள். டயர் கடைக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், டயருக்குள் பாசி மாதிரிச் சின்னச் சின்னக் கண்ணாடி மணி போட்டாலோ, பிரேக் டிரம்முக்கும் சக்கரத்தின் நடுத்தட்டான டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு வளையம் மாட்டினாலோ சக்கரம் ஓட ஓடத் தானாகவே பேலன்ஸ் ஆகிக்கொள்ளும், டயர் முப்பது சதவீதம் கூடுதலாக ஓடும் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வண்டிக்கும் சேர்த்து எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போடலாமா?

இருபது வருஷத்துக்கு மேல் லாரி டயர்களோடு குப்பை கொட்டியவன் நான். என் பதில்: முன் டயருக்கு, அதுவும் வேகமாக ஓடுகிற வண்டிக்கு, கொஞ்சம் பலன் உண்டு. முப்பது சதவீதமெல்லாம் கிடையாது. சிமெண்டும் நெல்லும் ஏற்றிக்கொண்டு ஐம்பது அறுபதில் போகிற வண்டியின் பின் டயர் எட்டுக்கும் அதைப் போடுவது, குடை பிடித்துக்கொண்டு குளிப்பதைப் போல. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

சக்கரத்தின் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால், சுற்றும்போது அந்தப் பக்கம் வெளியே இழுக்கும். கவணில் கல்லை வைத்துச் சுற்றினால் கை இழுபடுகிறதே, அதே சங்கதி. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 10.00 ஆர் 20 என்ற அளவுள்ள லாரி டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் நகரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழு சுற்று. ரிம் ஓரத்தில் 300 கிராம் வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அது சுமார் 15 கிலோ விசையோடு சக்கரத்தை உலுக்கும். லோடு ஏற்றிய லாரியில் ஒரு முன் டயர் சுமப்பது மூன்று டன். மூவாயிரத்தில் பதினைந்து என்றால் அரை சதவீதம். வேகம் 50-க்கு இறங்கினால் அந்தப் பதினைந்தும் ஆறு கிலோவுக்குள் சுருங்கிவிடும்.

இதையே காரில் பாருங்கள். சின்னச் சக்கரம், 110 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குப் பதினாறு பதினேழு சுற்று. வெறும் 50 கிராம் வித்தியாசமே பத்து கிலோ விசையாகிவிடும். அந்தச் சக்கரம் சுமப்பதோ முன்னூறு கிலோ சொச்சம். மூன்று சதவீதத்துக்கு மேல்! அதனால்தான் காரில் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது, நாமும் அலைன்மென்ட் கடைக்குப் போனால் பேலன்ஸிங்கையும் சேர்த்துச் செய்துகொண்டு வருகிறோம். லாரியில் அந்த நடுக்கத்தை எடையே அமுக்கிவிடுகிறது. நம் ஊர் லாரிக்காரர்கள் இத்தனை காலம் பேலன்ஸிங் செய்யாமல் ஓட்டியதை அறியாமை என்று விற்பனையாளர்கள் சொல்லுவார்கள். அதில் பாதி அறியாமைதான். மீதிப் பாதி, வேகம் குறைவு என்பதால் செய்யாமலே தப்பித்த கதை.

சரி, விற்பனையாளர் காட்டும் அமெரிக்க வீடியோக்கள்? பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டிகள் 105, 110-இல் மணிக்கணக்காக ஒரே சீராக ஓடுகின்றன. 80-இல் 15 கிலோவாக இருக்கும் உலுக்கல் அங்கே கிட்டத்தட்ட முப்பதாகிவிடும். சாலையும் வேறு, முன் டயரை வண்டிக்காரன் எதிர்பார்க்கும் ஆயுளும் வேறு. அங்கே பழைய டிரைவர்கள் டயருக்குள் கோல்ஃப் பந்துகளைப் போட்டு ஓட்டிய காலமும் உண்டு, தெரியுமா? இன்றைய கண்ணாடி மணி, செராமிக் மணி, பொடி எல்லாம் அந்தப் பந்தின் பேரப்பிள்ளைகள்தான். இங்கே 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான லாரிகளில் 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கம்பெனியிலேயே வருகிறது. (அதை யார் கழற்றி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு பஞ்சாயத்து.) அங்கே கிடைத்த பலனை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கருவிகளில் என்னென்ன வகை இருக்கின்றன என்று ஒரு வரி. டயருக்குள் கொட்டும் மணியும் பொடியும் ஒரு வகை. லாரி டயர் ஒன்றுக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை கேட்கும். ஹப்பில் மாட்டும் வளையம் இன்னொரு வகை; உள்ளே எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தில் இரும்புக் குண்டுகள் உருளும். பாதரசம் அடைத்த வளையமும் வந்தது. அதன் பக்கமே போக வேண்டாம். வால்வு வழியாக ஏற்றும் பசை மாதிரியான திரவம் நான்காவது வகை. அது பஞ்சர் அடைக்க வந்த சரக்கு, பேலன்ஸ் என்பது கூடவே ஒட்டிக்கொண்ட விளம்பரம்.

தானாக பேலன்ஸ் ஆகும் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் துணி துவைக்கும் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். டப்பின் விளிம்பில் ஒரு வளையம், அதற்குள் உப்புத் தண்ணீரோ குண்டுகளோ இருக்கும். பிழியும் சுற்று ஆரம்பிக்கும்போது மெஷின் ஒரு கட்டத்தில் கிடுகிடுவென்று ஆடும். வேகம் இன்னும் ஏறியதும் அடங்கிவிடும். அந்த ஆடும் கட்டத்துக்கு மேலே போன பிறகுதான் வளையத்தில் உள்ளது கனமான பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காரும். அந்தக் கட்டத்துக்குக் கீழே அது கனமான பக்கத்துக்கே போகும், ஆட்டத்தைக் கூட்டும். தானியங்கி பேலன்ஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை விதி. இந்த யோசனைக்கு 1916-லேயே காப்புரிமை வாங்கியாகிவிட்டது, ஆக இது நேற்று முளைத்த மாயமும் இல்லை.

லாரிக்கு வருவோம். கனரக வண்டியின் ஆக்சில் தன் இயல்பில் மேலும் கீழும் துள்ளும் வேகம் வினாடிக்குப் பத்து, பன்னிரண்டு தடவை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் சக்கரம் படபடவென்று அடிக்கிறதே, அந்தத் துள்ளல்தான். நம் சக்கரமோ 80-இல் வினாடிக்கு ஏழு சுற்றுதான் சுற்றுகிறது. அதாவது மெஷின் கிடுகிடுக்கும் கட்டத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறோம், தாண்டவே இல்லை. புத்தகக் கணக்குப்படி மணிகள் சரியான இடத்தில் போய் உட்கார வேண்டிய கட்டாயமே அங்கே இல்லை. ஆனால் ரோடு புத்தகம் இல்லை. குலுங்கல், டயரின் நசுங்கல், பக்கவாட்டு ஆட்டம் எல்லாம் சேர்ந்து மணிகளை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கில் வரும் பக்கவாட்டு ஆட்டம் இன்னும் குறைந்த வேகத்திலேயே வருவது. அதனால் சிலருக்கு ஸ்டியரிங் உண்மையிலேயே மென்மையாகிறது. நானே ஓட்டிப் பார்த்து உணர்ந்திருக்கிறேன். மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

கடையில் காட்டும் டெமோ மட்டும் எப்போதும் ஜெயிக்கும். ஒரு பாட்டிலை டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றுவார்கள். இல்லாவிட்டால் மெல்லிய ஸ்பிரிங் மேல் குட்டிச் சக்கரத்தை வைத்து ஆயிரக்கணக்கான சுற்றில் விடுவார்கள். மணியைக் கொட்டியதும் ஆட்டம் நின்றுவிடும், கூட்டம் வாயைப் பிளக்கும். ஆடும் கட்டத்துக்கு எவ்வளவோ மேலே அந்தச் சக்கரம் சுற்றுகிறது, அதனால் நின்றுதான் ஆக வேண்டும். உங்கள் லாரியின் பட்டை ஸ்பிரிங்கும் மூன்று டன் லோடும் அந்த மேஜை மேல் இல்லை.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சாதாரண பேலன்ஸிங்கில் ரிம்மில் அடிக்கும் எடைத்துண்டு, அடித்த நாளுக்கு மட்டும்தான் சரி. டயர் தேயத் தேய எடை மாறும். டிப்பர் வண்டியின் டிஸ்க்குக்குள் களிமண் அரைக் கிலோவுக்கு அப்பிக் காய்ந்துவிடும். அப்படி மாறிக்கொண்டே இருக்கும் குறைக்கு, கூடவே மாறிக்கொள்ளும் கருவி நல்ல யோசனைதான். பார்க்கப்போனால் தண்ணீர் பீய்ச்சி டிஸ்க்கின் உள்பக்கத்தைக் கழுவுவதும் அதே வேலையைச் செய்யும், செலவு கிளீனருக்கு ஒரு டீ.

இப்போது ஆயுள். ஒரு கருவி, தான் சரிசெய்யும் குறையால் போன ஆயுளைத்தான் திருப்பித் தர முடியும். உங்கள் டயர் எதனால் போகிறது?

என் கண்ணால் பார்த்ததில் முதல் குற்றவாளி காற்று. 20 சதவீதம் குறைந்த டயரைப் பஞ்சராகவே நினைத்துக் கழற்று என்பது இந்தத் தொழிலில் பழைய விதி. 120 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 96 என்றால் அந்த டயர் பஞ்சர் டயர்! ஜோடி டயரில் உள் டயர் இப்படிக் கிடந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. சுமையை எல்லாம் வெளி டயர் வாங்கிக்கொண்டிருக்கும். சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்டுச் சொல்லும் டிரைவர்கள் இருக்கிறார்கள். காற்று சுத்தமாக இறங்கியதைத் தட்டிக் கண்டுபிடிக்கலாம்; 96-க்கும் 120-க்கும் வித்தியாசம் தட்டினால் தெரியாது. கேஜ் வைக்க வேண்டும், காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால்.

இரண்டாவது டோ. முன் சக்கரம் இரண்டும் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ பார்ப்பது. இரண்டு டயருக்கும் நடுவே உள்ள தூரத்தில், முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 3 மில்லிமீட்டர் கூடுதல் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டயருக்கு ஒன்றரை மில்லிமீட்டர். டயரின் விட்டமே ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக மீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர், கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 150 கிலோமீட்டர்! சங்ககிரியிலிருந்து திருச்சி வரை டயரைக் குறுக்கே வைத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. டயரின் ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் முழுதும் தேய்மானமாகாது. ஆனாலும் எந்த மணியும் எந்த வளையமும் இதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் திருப்பித் தராது.

மூன்றாவது ஜோடிப் பொருத்தம். புது ரேடியலையும் பாதி தேய்ந்ததையும் ஒரே ஜோடியில் மாட்டுவது. விட்டத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு சுற்றுக்கு 19 மில்லிமீட்டர், கிலோமீட்டருக்கு ஆறு மீட்டர் அளவுக்கு இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும். எஞ்சின் இழுக்கும் பின் ஆக்சிலில் உள்ள ஹவுசிங் டயர் வேகமாகத் தேய்வதற்கு எஞ்சினின் இழுப்பும் பிரேக்கும் போக, இதுவும் ஒரு காரணம். அங்கே பேலன்ஸுக்கு வேலையே குறைவு.

இவையெல்லாம் போக மிச்சம் இருப்பதில் ஒரு துண்டுதான் பேலன்ஸ். அந்தத் துண்டு எப்படித் தெரியும்? டயரைச் சுற்றிலும் கையால் தடவிப் பாருங்கள். இடைவெளி விட்டு விட்டுக் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருந்தால் சக்கரம் துள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழுவழு, எதிர்த் திசையில் தடவினால் ரம்பப் பல் என்றால் அது டோ. டயரின் தோள், அதாவது ஓரம், இரண்டும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுவில் மட்டும் என்றால் காற்று கூடுதல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சப்பை என்றால் பிரேக் பிடித்து இழுத்தது.

குழி விழுந்ததும் பேலன்ஸ் என்று முடிவு கட்டுவது அடுத்த தப்பு. நான் டயர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் பன்னிரண்டு வீல் வண்டி ஒன்றின் வலது முன் டயர் நாற்பதாயிரம் கிலோமீட்டரில் குழி குழியாகிவிடும். முதலாளி வளையம் வாங்கி மாட்டினார். அடுத்த டயரிலும் குழி. ஜாக்கி ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினால் லொடக் லொடக் என்கிறது. ஹப் பேரிங் தளர்வு. கிரீஸ் மாற்றி பேரிங்கை இறுக்கினோம், குழி நின்றது. வளையத்தைக் கழற்றவில்லை. இன்றுவரை அந்த முதலாளி பார்க்கிறவர்களிடமெல்லாம் "வளையம் போட்ட பிறகுதான் டயர் நின்னுச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கேட்கும் சாட்சியங்களில் எத்தனை இந்த மாதிரியோ.

பேரிங் சரி என்றால் முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின், அதுவும் சரி என்றால் ஷாக் அப்சார்பர். பின்பக்கம் பல லாரிகளில் ஷாக் அப்சார்பரே கிடையாது, ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் துள்ளலை அடக்குகிறது. திரும்பும்போது காலியாக வரும் வண்டியில் டம்மி ஆக்சில் (எஞ்சின் இழுக்காமல் சுமை மட்டும் தாங்கும் ஆக்சில்) டயர்கள் தரையில் பாதி, காற்றில் பாதியாகத் துள்ளிக் குழி விழுவதற்கு அதுதான் காரணம். லிஃப்ட் உள்ள வண்டி என்றால், காலியாக வரும்போது அந்த ஆக்சிலைத் தூக்கிவிட்டால் போதும்.

இன்னொன்று, சக்கரம் வட்டமாக இருக்கிறதா? மூன்று துண்டு ரிம்மில் லாக் ரிங் சரியாக உட்காராவிட்டால், டயர் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். ரீட்ரெட் செய்யும்போது, அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும்போது, பழைய ரப்பரை ராவியது மையம் தப்பினாலும் அப்படித்தான். முட்டை வடிவச் சக்கரத்தை எவ்வளவு கச்சிதமாக பேலன்ஸ் செய்தாலும் அது முட்டைதான், துள்ளும். ஜாக்கியில் ஏற்றி, ஒரு கம்பியை டயருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து மெல்லச் சுற்றினால் கண்ணுக்கே தெரியும். இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் நான் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுவேன். புது டயர் மாட்டும்போது பக்கத்தில் மஞ்சள் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் டயரின் எடை குறைந்த இடத்தை அப்படிக் காட்டும். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் பாதி பேலன்ஸ் இலவசம்.

இதையெல்லாம் சரி செய்த பிறகும் போட ஆசை என்றால், எதைப் போடுவது? இருபத்திரண்டரை அங்குல ரிம்மில் டியூப்லெஸ் ஓடும் பார்சல் வண்டி, கன்டெய்னர், ஆம்னி பஸ் என்றால் முன் டயர் இரண்டுக்கும் பெரிய மெஷினில் சாதாரண எடைத்துண்டு பேலன்ஸிங்கே செய்துவிடலாம். அந்த மெஷின் பக்கத்தில் இல்லை, வண்டியும் நிஜமாகவே எண்பதிலேயே ஓடுகிறது என்றால் மணி போடலாம். டியூப் டயருக்கு வேண்டாம். டியூப்லெஸ்ஸில் போட்டாலும் வடிகட்டி வைத்த வால்வு பின் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பிடிக்கும் நேரத்தில் மணி வந்து அடைத்து, வால்வு கசியும். நம் ரோட்டோரக் கம்ப்ரஸர்களில் தண்ணீர் பிரிக்கும் டிரையர் இருப்பது அபூர்வம்; காற்றோடு தண்ணீரும் டயருக்குள் போகும். ஈரத்தில் பொடி கட்டி தட்டி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், காசு கொடுத்து அன்பேலன்ஸ் வாங்கின கணக்கு. பஞ்சர் போடுகிறவர் உங்களைத் திட்டுவார், ரீட்ரெட் கடைக்காரரும் திட்டுவார்.

வளையத்தில் எனக்கு வேறு பயம். டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒரு தகடு வந்தால் வீல் ஸ்டட்டில் நட்டுக்குக் கிடைக்கும் மரை அவ்வளவு குறையும். நட்டு முழுதாக இறங்கி, ஸ்டட் முனை வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். துருவும் பெயின்ட்டும் இருக்கும் முகத்தில் மாட்டினால் கொஞ்ச தூரத்திலேயே இறுக்கம் தளரும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்காத டிரைவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். டயர் ஆயுளைக் கூட்டப்போய் சக்கரமே கழன்று முன்னால் உருண்டு போவதை ஒருமுறை பார்த்தவன் சொல்கிறேன்.

செலவுக் கணக்கும் போட்டுவிடுவோம். டயர் 22,000 ரூபாய், 80,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு இருபத்தேழரை பைசா. கருவியால் பத்து சதவீதம் கூடினால் லாபம் 2,200 ரூபாய். ஐந்து சதவீதம் என்றால் 1,100. ஒரு டயருக்கான மணியின் விலை அதற்கு மேல் போனால், கருவி வேலை செய்தாலும் உங்களுக்கு நஷ்டம். எஸ்டிமேட்டை எடுத்து டயர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

விற்பனையாளரிடம் மூன்று வண்டிக்கும் வேண்டாம், ஒரே ஒரு வண்டியின் முன் ஜோடிக்கு மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். அதே ரூட்டில், அதே லோடில் ஓடும் இன்னொரு வண்டிக்கு அதே கம்பெனிப் புது டயரை எதுவும் போடாமல் மாட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் டோ பாருங்கள், பேரிங் பாருங்கள், வாரம் ஒருமுறை காற்றைக் கேஜில் பாருங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்: கருவி போட்ட வண்டியை மட்டும் கண்ணில் வைத்துப் பார்ப்போம், காற்றும் அதற்கு மட்டும் சரியாக இருக்கும், பிறகு டயர் நின்றதற்குக் கருவிக்கு மாலை போடுவோம். ரோடு இடது பக்கம் சரிந்திருப்பதால் இடது டயரும் வலது டயரும் ஒரே மாதிரி தேயாது. இடதை இடதோடும் வலதை வலதோடும் ஒப்பிட வேண்டும். டயர் பட்டனின் (மேல்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டைகளின்) ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் டயரில் நான்கு இடத்தில் ஆழத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். முப்பதாயிரம் தாண்டியதும் நான்கு டயரின் கணக்கையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மற்ற வண்டிகளுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.